எழுதப்படாத ஒரு விதி: 1947இன் பேஸ்பால் கதை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாலை நேரச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, நான் கிரிக்கெட்டைத்தான் எடுப்பேன் என்று நினைத்திருப்பார். இங்கே பாதிப் பேருக்குக் கிரிக்கெட் என்னைவிட நன்றாகத் தெரியும். மீதிப் பேருக்கு அது காதில் விழுந்து விழுந்தே அலுத்துவிட்டது. அதனால் இன்று அமெரிக்கர்களின் பேஸ்பால். அதிலும் ஒரே ஓர் ஆண்டு: 1947. நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டு.

பயப்பட வேண்டாம், ஆட்டத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அணிக்கு ஒன்பது பேர். மைதானத்தில் சதுரமாக நான்கு மூலைகள். ஒவ்வொரு மூலையும் ஒரு ‘பேஸ்’. எறிபவர் பந்தை எறிவார். மட்டையாளர் அதை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடுவார். அங்கிருந்து இரண்டு, மூன்று என்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணியின் முறை. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். பந்தை வேலிக்கு அப்பால் அடித்தால் ‘ஹோம் ரன்’, நம் சிக்ஸர் மாதிரி. அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1947 தொடங்கியபோது அமெரிக்காவில் இரண்டு பெரிய லீக்குகள், பதினாறு அணிகள், சுமார் நானூறு ஆட்டக்காரர்கள். அவர்களில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. 1884இல் டொலிடோ அணிக்காக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் ஆடியிருக்கிறார். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கதவு மூடியே கிடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்படி ஒரு விதியே எங்கும் எழுதப்படவில்லை. விதிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் ஒரு வரி கிடைக்காது. பேஸ்பாலின் தலைமை நிர்வாகியாக இருந்த கமிஷனர் லேண்டிஸ், 1942இல் வெளிப்படையாகவே அறிவித்தார்: கறுப்பினத்தவரைச் சேர்க்கக் கூடாது என்று எழுத்திலும் விதி இல்லை, வாய்மொழியாகவும் இல்லை. அவர் சொன்னபடி யாரும் தடுக்கவில்லை. ஆனால் யாரும் சேர்க்கவும் இல்லை.

எழுதிய விதியாக இருந்தால் எதிர்த்து வழக்குப் போடலாம், திருத்தம் கொண்டுவரலாம், வாக்கெடுப்பு நடத்தலாம். எழுதாத விதியை எங்கே போய்த் திருத்துவது? யாரைக் கேட்டாலும் “எனக்கு ஆட்சேபனை இல்லை, மற்றவர்கள்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்” என்பார்கள். அந்த மற்றவர்கள் யார் என்று தேடிப் போனால், அவர்களும் இதையே சொல்வார்கள்.

கறுப்பின ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகள் நடத்திக்கொண்டார்கள். அங்கே ஜாஷ் கிப்சன் என்று ஒருவர். பந்தை அவர் அடிக்கும் தூரத்தைக் கதை கதையாகச் சொல்வார்கள். பெரிய லீக் மைதானத்தில் அந்த லீக்கின் ஆட்டக்காரராக ஒரு நாள்கூட அவர் இறங்கியதில்லை. 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். கதவு திறந்தது ஏப்ரலில். மூன்று மாதம்கூட இடைவெளி இல்லை.

அந்தக் கதவு வழியாக முதலில் நுழைந்தவர் ஜாக்கி ராபின்சன். 1919இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் மேலி, ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கலிபோர்னியாவின் பாசடினாவுக்குப் போய், வீட்டு வேலை செய்து வளர்த்தார். வெள்ளையர் வசித்த தெருவில் அவர்கள் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். அக்கம்பக்கத்தார் என்ன செய்தார்கள்? இவர்களை வெளியேற்ற வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மேலி அசையவில்லை. அந்த வீட்டில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

இந்த மனுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் மூன்று மனுக்கள் வருகின்றன. இது முதலாவது.

ராபின்சன் பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுகளில் பெயர் எடுத்தார். பிறகு ராணுவத்தில் அதிகாரி ஆனார். 1944இல் ராணுவப் பேருந்தில் பின் இருக்கைக்குப் போகச் சொன்னபோது மறுத்தார். அதன் தொடர்ச்சியாக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுதலையானார். சுபாவத்தில் கோபக்காரர், எதற்கும் பணியாதவர். இதைத் தெரிந்துகொண்டால்தான் 1947இல் அவர் கட்டிக்காத்த பொறுமையின் விலை புரியும்.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி 1945 ஆகஸ்ட் 28 அன்று ராபின்சனை வரவழைத்து மூன்று மணி நேரம் பேசினார். அறை தர மறுக்கும் ஓட்டல்காரராகவும், வாய்க்கு வந்தபடி ஏசும் எதிரணி ஆட்டக்காரராகவும் தானே நடித்துக் காட்டினார். என்ன நடந்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது, திருப்பிப் பேசக் கூடாது என்பதுதான் அவர் கேட்ட வாக்குறுதி. ராபின்சன் கொடுத்தார். ரிக்கிக்கு மனசாட்சி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கறுப்பின ரசிகர்கள் வந்தால் டிக்கெட் விற்கும், நல்ல ஆட்டக்காரர்கள் வந்தால் அணி ஜெயிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். நல்ல காரியம் லாபத்தோடு சேர்ந்து வந்தால் அதை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை.

முதலில் 1946இல் கனடாவின் மான்ட்ரியல் அணிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஜாக்கியின் மனைவி ரேச்சல் ஒரு வெள்ளையர் பகுதியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனார். மனத்தில் தயக்கம். கதவைத் திறந்த வீட்டுக்காரப் பெண்மணி உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்து, தன் பாத்திரங்களையும் படுக்கை விரிப்புகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அந்த நாளைப் பல பத்தாண்டுகள் கழித்தும் ரேச்சல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி செய்தது பெரிய தியாகம் ஒன்றுமில்லை, வீட்டை வாடகைக்கு விட்டார், அவ்வளவுதான். அந்த ஆண்டு ராபின்சன் தன் லீக்கிலேயே முதல் மட்டையாளர் ஆனார்.

1947 மார்ச். டாட்ஜர்ஸ் அணி பயிற்சிக்காகப் பனாமா போயிருந்தது. ராபின்சனோடு சேர்ந்து ஆட மாட்டோம் என்று அணிக்குள்ளேயே சிலர் மனு தயாரித்தார்கள். இது இரண்டாவது மனு.

இந்த இடத்தில் இரண்டு பேரைக் கவனியுங்கள். ஒருவர் பீ வீ ரீஸ். தென்பகுதியான கென்டக்கிக்காரர், அணியில் எல்லோரும் மதிப்பவர். “கையெழுத்துப் போடு” என்று நீட்டினார்கள். போட மாட்டேன் என்றார். இன்னொருவர் மேனேஜர் லியோ டுரோச்சர். நம் பயிற்சியாளரும் கேப்டனும் சேர்ந்த பதவி அது. மனு பற்றிக் கேள்விப்பட்டதும் விடியும்வரை காத்திருக்கவில்லை. நள்ளிரவில் எல்லோரையும் எழுப்பி, இரவு உடையிலேயே நின்றுகொண்டு பேசினார். யார் ஆடுவது என்பதை நான் முடிவு செய்வேன், இவரால் நமக்கு வெற்றியும் பணமும் வரும், பிடிக்காதவர்கள் வேறு அணிக்குப் போகலாம் என்பதுதான் பேச்சின் சாரம். மனு அந்த ராத்திரியோடு முடிந்தது. சொற்பொழிவு ஒன்றும் தேவைப்படவில்லை. பொறுப்பில் இருப்பவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

(வேறு விவகாரங்களுக்காக அதே டுரோச்சரை ஏப்ரல் 9 அன்று ஓராண்டுக்குத் தடை செய்துவிட்டார்கள். அவர் மகாத்மா அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.)

ஏப்ரல் 15, புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு மைதானம். எதிரணி பாஸ்டன் பிரேவ்ஸ். சுமார் 26,000 பேர் வந்திருந்தார்கள். மைதானம் நிரம்பவில்லை. சட்டை எண் 42. அன்று ராபின்சன் அடித்துப் பேஸ் எதையும் எட்டவில்லை. ஆனால் ஏழாவது இன்னிங்ஸில் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடினார். அவர் வேகத்தைக் கண்டு தடுமாறிய எதிரணி பந்தைத் தவறாக எறிந்தது. கடைசியில் அணியை முன்னிலைக்குக் கொண்டுபோன ரன்னை எடுத்தவர் அவர்தான். புரூக்ளின் 5–3 என ஜெயித்தது. சரித்திரம் என்று பிற்காலத்தில் சொன்ன நாள், அன்று பார்த்தவர்களுக்குச் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம்.

ஒரு வாரத்தில் ஃபிலடெல்ஃபியா அணி வந்தது. அதன் மேனேஜர் பென் சாப்மன் தன் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, மூன்று நாள் ஆட்டத்திலும் ராபின்சனைக் காது கூசும் வார்த்தைகளால் ஏசினார். தன் வாழ்நாளில் பொறுமை உடையும் எல்லைக்கு மிக அருகில் போன நாள் அது என்று ராபின்சன் பின்னர் எழுதினார். மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓர் அறை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “பார்த்தீர்களா, இவர்கள் இப்படித்தான்” என்று கதவை மறுபடி சாத்தியிருப்பார்கள். வாயைத் திறக்க முடியாத அந்த மனிதருக்காக வாயைத் திறந்தவர் சக ஆட்டக்காரர் எட்டி ஸ்டாங்கி. திருப்பிப் பேச முடியாதவரிடம் ஏன் வீரம் காட்டுகிறீர்கள் என்று எதிரணியைப் பார்த்துக் கத்தினார். அந்த ஸ்டாங்கியும் ஆரம்பத்தில் ராபின்சனை விரும்பி வரவேற்றவர் இல்லை. ஒருவரைப் பிடிக்காவிட்டாலும் அவருக்கு நடக்கும் அநியாயத்தைத் தட்டிக் கேட்கலாம்.

பிறகு புரூக்ளின் அணி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனபோது, வழக்கமாகத் தங்கும் ஓட்டல் ராபின்சனுக்கு இடம் இல்லை என்றது. 2016இல் அந்த நகர மன்றம் இதற்கெல்லாம் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. அதற்கு 69 ஆண்டுகள் ஆயின. கேட்க வேண்டியவர் இறந்து 43 ஆண்டுகள் கடந்திருந்தன. பெற்றுக்கொண்டவர் 93 வயது ரேச்சல்.

மே மாதத்தில் செயின்ட் லூயிஸ் அணியினர் வேலைநிறுத்தம் செய்யத் திட்டமிடுவதாக ஒரு நியூயார்க் பத்திரிகை எழுதியது. அணியினர் மறுத்தார்கள். அப்படிச் செய்பவர்கள் இடைநீக்கம் செய்யப்படுவார்கள் என்பதில் லீக் தலைவர் ஃபோர்டு ஃபிரிக் உறுதியாக நின்றார். வேலைநிறுத்தம் நடக்கவில்லை. அதே மாதம் பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் ராபின்சனும் ஹேங்க் கிரீன்பெர்க்கும் முதல் பேஸில் மோதிக்கொண்டார்கள். கிரீன்பெர்க் யூதர். தன் காலத்தில் இதேபோல ஏச்சுகளைக் கேட்டு வளர்ந்த பெரிய ஆட்டக்காரர். அடுத்த முறை பக்கத்தில் நின்றபோது, அடி பட்டதா என்று விசாரித்து, தைரியமாக இரு என்று நாலு வார்த்தை சொன்னார். எதிரணிக்காரர் ஒருவர் அப்படிச் சொன்னது ராபின்சனுக்குப் பெரிய ஆறுதல்.

வானொலி வர்ணனையாளர் ரெட் பார்பரையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பியில் பிறந்தவர். ரிக்கியின் திட்டம் தெரிந்ததும் வேலையை விட்டுவிடுவது என்றே முடிவெடுத்தார். வீட்டுக்குப் போய் ஆற அமர யோசித்தபோது, நடப்பதைச் சொல்வதுதானே என் வேலை, யார் ஆடினால் எனக்கென்ன என்று தோன்றியது. விடவில்லை. அந்த ஆண்டு முழுக்க ராபின்சன் அடித்ததையும் அவுட் ஆனதையும் மற்றவர்களைச் சொல்வது போலவே சொன்னார். லட்சக்கணக்கான வீடுகளில் ஒரு கறுப்பின ஆட்டக்காரரின் பெயர் சாதாரணப் பெயராகப் பழகிப்போனதில் அந்தக் குரலுக்கும் பங்கு உண்டு.

ஆண்டு முடிவில் கணக்கு என்ன? ராபின்சன் 151 ஆட்டங்கள் ஆடினார். 175 முறை அடித்துப் பேஸை எட்டினார். 125 ரன், 12 ஹோம் ரன். எறிபவர் அசந்த நேரத்தில் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பதைத் ‘திருடுவது’ என்பார்கள். அதில் 29 முறை வென்று தன் லீக்கில் முதலிடம். எறிந்த பந்து உடம்பில் பட்டது ஒன்பது முறை. ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது அந்த ஆண்டுதான் தொடங்கியது. அதைப் பெற்ற முதல் ஆள் அவர். டாட்ஜர்ஸ் 94 ஆட்டங்களை வென்று லீக்கில் முதலிடம் பிடித்தது.

அடுத்து உலகத் தொடர், நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் உலகத் தொடர் அதுதான். நான்காவது ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். யாங்கீஸின் பில் பெவன்ஸ் எறிகிறார். கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆகும்வரை புரூக்ளின் உருப்படியாக ஒரு அடிகூட அடிக்கவில்லை. இன்னும் ஓர் அவுட் கிடைத்தால், உலகத் தொடரில் அதுவரை யாரும் செய்யாத சாதனை. அப்போது மாற்று ஆளாக வந்தார் குக்கி லாவஜெட்டோ என்ற வயதான ஆட்டக்காரர். அடித்த பந்து வலப்பக்கச் சுவரில் போய் மோதியது. பேஸில் நின்ற இருவரும் ஓடி வந்துவிட்டார்கள். பெவன்ஸ் அன்று கொடுத்தது ஒரே ஓர் அடி, ஆனாலும் 3–2 எனத் தோற்றார். இருவருக்கும் அதுதான் பெரிய லீக்கில் கடைசி ஆண்டாக அமைந்தது. தொடர் ஏழாவது ஆட்டம்வரை போய், யாங்கீஸ் வென்றது. சினிமாவாக இருந்தால் ராபின்சன் அணி ஜெயித்திருக்கும். நிஜத்தில் அதற்கு 1955வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவதாக வந்தவரையும் நினைக்க வேண்டும். ராபின்சனுக்குப் பதினோரு வாரம் கழித்து, 1947 ஜூலை 5 அன்று, கிளீவ்லாந்து அணிக்காக இன்னொரு லீக்கில் இறங்கினார் லாரி டோபி. அறிமுகத்தின்போது சில சக ஆட்டக்காரர்கள் கைகூடக் கொடுக்கவில்லை. ராபின்சன் பட்ட பாடெல்லாம் அவரும் பட்டார், பத்திரிகை வெளிச்சம் மட்டும் அவருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. முதல் ஆள் வந்தவுடன் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். இரண்டாவது ஆளுக்கும் அதே வாசல்தான், அதே பார்வைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. நல்ல ஆட்டக்காரர்கள் பெரிய லீக்குக்குப் போகப் போக, கறுப்பினத்தவர் நடத்திய அணிகள் நொடித்துப்போயின. ராபின்சனை எடுத்துக்கொண்டதற்கு அவருடைய பழைய அணியான கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ரிக்கி ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. அழைத்தது ஆட்டக்காரர்களை மட்டும்தான், அணிகளை அல்ல.

கதவு திறந்த பிறகாவது எல்லோரும் ஓடி வந்தார்களா? பதினாறு அணிகளிலும் ஒரு கறுப்பின ஆட்டக்காரராவது ஆடுவதற்கு 1959 ஜூலைவரை ஆயிற்று. கடைசி அணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். பன்னிரண்டு ஆண்டுகள். அப்போதும் எந்த விதியும் எழுத்தில் இல்லை.

மூன்றாவது மனு பாக்கி இருக்கிறது. நியூயார்க்கில் ராபின்சன் குடும்பம் கைக்குழந்தையோடு முதலில் ஓட்டல் அறையிலும், பிறகு இன்னொருவர் வீட்டில் ஓர் அறையிலும் இருந்தது. அடுத்து டில்டன் அவென்யூவில் ஒரு வீட்டின் மாடிக்குக் குடிபோனார்கள். ஊரே கைதட்டும் ஆட்டக்காரர். ஆனாலும் கறுப்பினத்தவர் இங்கே குடிவரக் கூடாது என்று அந்தத் தெருவிலும் மனு சுற்றியது. மைதானத்தில் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்துவது ஒன்று, பக்கத்து வீட்டில் அவரைப் பார்ப்பது வேறு.

மனுவை மீறி நட்பும் வளர்ந்தது. இரண்டு வீடு தள்ளி ஒரு யூதக் குடும்பம். ஒரு டிசம்பரில், அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் இல்லை என்று தெரிந்ததும், வாங்க வசதி இல்லை போலும் என்று நினைத்து ஜாக்கி தானே ஒரு மரத்தை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். யூதர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டார் மரத்தை மறுக்கவில்லை, வைத்துக்கொண்டார்கள். இரண்டு குடும்பத்தின் நட்பும் பல காலம் நீடித்தது.

இந்தக் கதையை ஏன் இங்கே சொன்னேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நம் சங்கத்துக்கும் எழுதிய விதிகள் உண்டு. தண்ணீர், பார்க்கிங், பராமரிப்புக் கட்டணம், எல்லாம் பதிவான விதிகள். வாடகைக்கு வீடு கேட்டு வாசலில் ஒருவர் வந்து நிற்கும்போது கேட்கப்படும் கேள்விகள் எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன? என்ன சாப்பிடுவீர்கள், எந்த ஆட்கள், கல்யாணம் ஆகிவிட்டதா? “எனக்கு ஒன்றுமில்லை, மற்ற ஓனர்கள் விரும்ப மாட்டார்கள்” என்று சொல்லி அனுப்புவது நம்மில் யாருக்கும் புதிதல்ல. அந்த மற்ற ஓனர்கள் நாம்தான்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். குடிவருகிறவர்களுக்கு என்று நாம் வைக்கும் நிபந்தனை எதுவாக இருந்தாலும், அதை எழுதி அடுத்த பொதுக்குழுவில் படிப்போம். உரக்கப் படிக்கக் கூச்சமில்லாத நிபந்தனை இருக்கட்டும். படிக்க நாக்கு கூசுகிறதென்றால் அதை விட்டுவிடுவோம்.

ராபின்சன் 1972 அக்டோபரில், 53 வயதில் இறந்தார். அதற்கு ஒன்பது நாள் முன்பு உலகத் தொடர் மைதானத்தில் அவரைக் கௌரவித்தார்கள். நன்றி சொன்ன கையோடு, ஒரு கறுப்பினத்தவர் மேனேஜராக இருப்பதையும் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அதுவும் எழுதப்படாத விதிதான். 1975இல் ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லாந்தின் மேனேஜர் ஆனபோது அதைப் பார்க்க ஜாக்கி இல்லை. 1997இல் எல்லா அணிகளிலும் 42ஆம் எண் ஓய்வு பெற்றது. இன்று ஒவ்வோர் ஏப்ரல் 15 அன்றும் எல்லா ஆட்டக்காரர்களும் அந்த ஒரே எண்ணை அணிந்துகொண்டு இறங்குகிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், காபி வருவதற்குள் முடித்துவிடலாம்.